விடுமுறை வீட்டு மோட்டார்

சொந்த ஊருக்குப் போய் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்குவதைப் போல ஒரு வெட்கக்கேடு வேறு கிடையாது. அதுவும் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குவதற்கென்றே வெள்ளையடித்து, சுவரெல்லாம் மூன்று மொழியில் அறிவிப்பு ஒட்டி வைத்திருக்கும் வீடு. கருவடிக்குப்பத்தில் அந்த வீட்டு வாசலில் பெட்டிகளை இறக்கியதுமே, வீட்டைப் பார்த்துக்கொள்பவர் பாஸ்போர்ட்டைக் கேட்டார். எனக்கும் கணவருக்கும் மகளுக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட். விசாப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டார். அம்மாவுடையதைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். இவங்க நம்ம ஊரு, இவங்களுக்கு வேணாம் என்றார். அம்மாவுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். எங்கள் நாலு பேரில் அவள் ஒருத்திக்குத்தான் இது வெளிநாடு இல்லை.

பிரான்சில் இருக்கும் எங்கள் ஆட்கள் விடுமுறைக்கு ‘வக்கான்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். ஈஸ்டர் வக்கான்ஸுக்கு எங்கே போகிறீர்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது, புதுச்சேரிக்கு, வீடு எடுத்திருக்கிறோம் என்றேன். ஏன், உனக்கு அங்கே யாரும் இல்லையா என்று கேட்டுவிட்டாள். இருக்கிறார்கள். பிள்ளைச்சாவடியில் என் அண்ணன் இருக்கிறான். அந்த வாடகை வீட்டு மொட்டைமாடியில் நின்று வடக்கே பார்த்தால், அவன் இருக்கிற திசையில் தென்னை மரங்கள் தெரியும். அவன் வீட்டு வாசலை அம்மா மிதிக்கக்கூடாது என்று அவனே சொல்லியிருந்தான்.

கதை சின்னதுதான். அப்பா இறந்து வருஷம் திரும்பவில்லை. எனக்குப் பிரசவ நேரம். பிரான்சில் எனக்கு யாரும் இல்லை. மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா கிளம்பி வந்துவிட்டாள். வருஷம் முடிகிறவரை வீட்டை விட்டு அசையக்கூடாது என்று உறவில் எல்லோரும் சொன்னார்கள். அண்ணன் வாயால் சொல்லவில்லை, அவள் போகமாட்டாள் என்று நம்பியிருந்தான். அப்பாவின் முதல் வருஷத் திதியை அவன் தனியாகக் கொடுத்தான். அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தான். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அம்மா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

“அப்பாவுக்கு வருசம் திரும்பறதுக்குள்ள கடல் தாண்டிப் போன பொம்பள எனக்கு அம்மா இல்ல. சொல்லிடு” என்றான்.

சொல்லத் தேவையில்லை, அவளே கேட்டுவிட்டாள். குழந்தைக்குத் துணி மாற்றினாள்.

அதற்குப் பிறகு திரும்பிப் போக அவளுக்கு மனம் வரவில்லை. பிறகு மனம் வந்தபோது உடம்பு விடவில்லை. நெஞ்சில் ஒரு கருவி வைத்தார்கள். இந்தத் தடவை கிளம்பும்போது அங்கே இருக்கிற டாக்டர், இவ்வளவு தூரம் விமானத்தில் போவது இதுதான் கடைசியாக இருக்கட்டும் என்று சொல்லித்தான் விட்டார். அம்மாவுக்குப் பிரெஞ்சு புரியாது. ஆனால் டாக்டரின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மகன் ஒரு தடவை வரவேண்டும், எதிரே நிற்க வேண்டும், அம்மா என்று கூப்பிட வேண்டும். இதை அவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்காமலேயே எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

வந்து இறங்கியதும் அண்ணிக்குப் போன் செய்தேன். அண்ணி பாவம், இரண்டு பக்கமும் மத்தளம் மாதிரி அடி வாங்குகிறவள். தடைக்காலம், போட்டெல்லாம் கரையில் கிடக்கு, இவருக்குத் தலைக்கு மேல வேலை என்றாள். அது பொய் இல்லை. அண்ணன் படகு இன்ஜின் மெக்கானிக். மீன்பிடிக்கக் கூடாத அந்த இரண்டு மாதத்தில்தான் எல்லா இன்ஜினையும் கழற்றிப் போட்டு அவன் தலையில் கட்டுவார்கள். உண்மையே சாக்காகவும் அமைந்துவிட்டால் அதை எதிர்த்து யாரால் பேச முடியும்?

அம்மா சரி என்று தலையாட்டிவிட்டு, தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு பாட்டில் தேங்காயெண்ணெய் வாங்கி வந்தாள். வீட்டில்தான் சமையல் எண்ணெய் இருக்கிறதே என்றேன். இது சமையலுக்கு இல்லை என்றாள்.

எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். அண்ணன் வேலை பழகிய வயதிலிருந்து அவன் கை டீசலிலும் கிரீஸிலும் ஊறி, வெடித்துப் பாளம் பாளமாக இருக்கும். அம்மா எண்ணெயைச் சூடாக்கி அவன் உள்ளங்கையில் விட்டுத் தேய்த்துவிடுவாள். கல்யாணம் ஆன பிறகும் வேலை முடிந்து வந்ததும், சோற்றுக்கு முன்னால், கையைத்தான் நீட்டுவான். அண்ணி அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். போட்டோவில் பார்த்தபோது அரண்மனை. நேரில் பார்த்தால் எதைத் தொட்டாலும் கையோடு வந்தது. முதலில் சமையலறைக் குழாய் ஒழுகியது. வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சொன்னால் எதற்கும் ஒரே பதில்: ஒண்ணும் இல்லம்மா, பாத்துக்கலாம். என் கணவர், பிரான்சிலேயே பிறந்து வளர்ந்தவர், இதெல்லாம் நானே செய்கிறேன் என்று சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, குழாயின் தலை கழன்று தண்ணீர் கூரை வரை அடித்தது. மெயின் வால்வு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. என் மகள் மழை மழை என்று ஆடினாள். சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பு மூன்றும் நனைந்து, மூன்று மொழியும் ஒன்றாகிவிட்டது. அம்மா ஒரு துணியைச் சுருட்டிக் குழாயில் அடைத்துப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் தண்ணீர் வழிய, “உங்கண்ணங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிப் பாரேன்” என்றாள்.

அன்று ஒரு பிளம்பர் வந்து சரி செய்துவிட்டுப் போனார். நல்ல வேலைக்காரர். அம்மாவுக்கு அவர் வேலை பிடிக்கவில்லை. குழாய் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்றாள். நான் பார்த்தேன், நேராகத்தான் இருந்தது.

பிறகு குளியலறைத் தண்ணீர் போகாமல் தேங்கியது. படுக்கையறை மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டது. ஏசி உள்ளே சொட்டி மெத்தை நனைந்தது. இதில் எது வீட்டின் வேலை, எது அம்மாவின் வேலை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. குளியலறையில் அடைத்திருந்தது ஒரு தேங்காய் நார்க் கொத்து. அதை வெளியே எடுத்துக் காட்டியபோது அம்மா ஐயோ பாவம் என்று அதற்கே பரிதாபப்பட்டாள். ஒவ்வொன்றுக்கும் அதே வார்த்தை: இதுக்கெல்லாம் எதுக்கு வெளியாளு, அவங்கிட்ட சொல்லு. நான் ஒவ்வொரு தடவையும் அண்ணிக்குப் போன் செய்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு வெளியாள்தான் வந்தார். விடாக்கண்டனுக்கும் கொடாக்கண்டனுக்கும் நடுவில் நான் போனை வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அலுத்துவிட்டது. விடுமுறைக்கு வந்தேனா, பழுது பார்க்க வந்தேனா என்று ஒருநாள் அம்மா எதிரிலேயே கத்திவிட்டேன். என் கணவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டார்.

அப்புறம்தான் மோட்டார். தரைத்தொட்டியிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் வீட்டுக்குப் பின்னால், ஒரு சிமெண்டு மேடையில் இருந்தது. ஒருநாள் ஓடும் சத்தம் கேட்கிறது, தண்ணீர் மட்டும் ஏறவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வந்து, மேலே இருக்கும் நட்டு தளர்ந்து காற்று பிடித்துவிட்டது என்று, தண்ணீர் ஊற்றி முடுக்கிவிட்டுப் போனார். மறுபடியும் அதே கோளாறு. மறுபடியும் முடுக்கினார். நல்லாத்தானே முடுக்குனேன் என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எங்கள் பழைய வீட்டு மோட்டாருக்கும் இதே வியாதி. நினைத்துக்கொண்டால் காற்று பிடித்துக்கொள்ளும். அண்ணன் நட்டைக் கழற்றி அம்மாவின் கையில் கொடுப்பான். அம்மா மக்கில் தண்ணீர் கொடுப்பாள். அவன் அந்த ஓட்டையில் ஊற்றி, நிரம்பி வழிந்ததும் திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டுவான். அம்மா நட்டை அந்தக் கையில் வைப்பாள். அந்த மோட்டார் மக்கர் பண்ணிய காலம் முழுக்க அவர்கள் இரண்டு பேரும் அப்படித்தான் வேலை செய்தார்கள்.

பிரான்சுக்குத் திரும்ப இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒரு மத்தியானம், காய்ந்த துணி எடுக்கப் பின்பக்கம் போனேன். அம்மா மோட்டார் மேடைக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். கையில் இடுக்கி. வெயில் உச்சந்தலையில் அடிக்கிறது. நெஞ்சில் கருவி வைத்த மனுஷி, மூச்சு வாங்க வாங்க, நட்டைச் சுற்றிச் சுற்றிக் கழற்றினாள். கழற்றி முந்தானையில் துடைத்து, அந்த முந்தானையிலேயே முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள். கொஞ்சமும் பதறவில்லை.

“என்னாம்மா பண்றே?” என்றேன்.

“முடுக்கி முடுக்கி விட்டுடறாரு அவரு. நட்டே இல்லன்னா என்னா பண்ணுவாரு” என்றாள். அப்புறம், “அவன் வரட்டும்னுதான்” என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவள்மேல் வந்ததா, அவன்மேல் வந்ததா, என்மேலேயே வந்ததா என்று பிரிக்கத் தெரியவில்லை. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பித்துப் பிடித்தவளுக்கு நட்டை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று தெரியுமா? அவளுக்குத் தெரிந்திருந்தது. இந்தப் பூமியில் அவளுக்கும் அவனுக்கும் இடையில் மிச்சமிருந்தது அந்த ஒரு வேலைதான் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். துணியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, கட்டிலில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து அழுதேன்.

இந்தத் தடவை அண்ணிக்குப் போன் செய்யவில்லை. நேராக அவனுக்கே செய்தேன். பின்னால் இன்ஜின் சத்தம் கேட்டது.

“மோட்டார்ல தண்ணி ஏறல” என்றேன்.

“அங்க ஆளு இல்லியா?”

“ஆளு இருக்காரு. நட்டு இல்ல. அம்மாதான் கழட்டி முந்தானையில முடிஞ்சி வச்சிருக்கு.”

அங்கே இன்ஜினை யாரோ நிறுத்தினார்கள். அவன் போனை வைத்துவிட்டான்.

மறுநாள் வந்தான். வண்டியைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் ஏறாமல், மதிலோரமாகப் பின்பக்கம் போனான். வா என்றேன். தலையை மட்டும் ஆட்டினான். அவனுக்குத் தலை நரைத்திருந்தது. அவனுக்குத் தலை நரைக்கும் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை.

அம்மா பின்கதவைத் திறந்துகொண்டு போய் நின்றாள். காலையிலேயே குளித்து நல்ல புடவை கட்டியிருந்தாள். அவன் முதுகுக்குப் பின்னால் இரண்டு எட்டுத் தள்ளி நின்றாள். மேடைமேல், அவன் கைக்கு எட்டுகிற இடத்தில், தேங்காயெண்ணெய் பாட்டிலை ஏற்கெனவே வைத்திருந்தாள். அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு மோட்டாரைப் பார்த்தான். குழாயைத் தட்டிப் பார்த்தான். ஸ்பேனரை எடுத்து எதையோ சரி செய்தான். தண்ணி என்று யாரையும் பார்க்காமல் சொன்னான். அம்மா மக்கை நீட்டினாள். வாங்கி ஊற்றினான். மறுபடியும் ஒரு மக்கு. ஓட்டை நிரம்பி வழிந்தது.

அப்போது அவன் திரும்பாமலேயே கையைப் பின்னால் நீட்டினான்.

அம்மாவுக்கு முடிச்சு அவிழவில்லை. நான் போய் அவிழ்த்துவிடலாம் என்று ஒரு அடி வைத்தேன், என் கணவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். அவன் கையை எடுக்கவில்லை. அவிழும்வரை நீட்டியபடியே இருந்தான். அவள் அவிழ்த்து நட்டை அவன் உள்ளங்கையில் வைத்தாள். வைத்த விரலை உடனே எடுக்கவில்லை. அவனும் கையை இழுக்கவில்லை. இவ்வளவுதான் நடந்தது. பிறகு அவன் நட்டைப் பூட்டி, பலம்கொண்ட மட்டும் முடுக்கி, சுவிட்சைப் போடச் சொன்னான். மாடித் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

இப்போது திரும்புவான் என்று நினைத்தேன். அம்மாவும் நினைத்தாள், புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றாள். அவன் ஸ்பேனரைப் பையில் போட்டான். வந்த வழியே மதிலோரமாக நடந்தான். முன்பக்கம் என் மகள் நின்றிருந்தாள். இவள் பிறந்ததற்காகத்தான் அத்தனையும். அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உள்ளங்கையில் கிரீஸ் இருந்ததால் புறங்கையால் அவள் கன்னத்தைத் தடவினான். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எண்ணெய் பாட்டில் மேடையிலேயே இருந்தது.

நான் அவனைக் கண்டபடி திட்டினேன். இவனெல்லாம் ஒரு மனுஷனா, திரும்பினால் கழுத்து சுளுக்கிக்கொள்ளுமா என்று கேட்டேன். அம்மா என்னை அடக்கினாள்.

“கையப் பாத்தியா? வெடிச்சிக் கெடக்கு” என்றாள்.

“நீ மூஞ்சியப் பாத்தியா?”

“அவன் காட்டுனாத்தானே” என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எதுவும் கெடவில்லை. கிளம்புகிற அன்று வீட்டைப் பார்த்துக்கொள்பவர், எல்லாம் நல்லா இருந்துச்சாம்மா என்று கேட்டார், இருந்தது என்றேன். பெட்டியெல்லாம் வண்டியில் ஏற்றிய பிறகு எண்ணெய் பாட்டில் நினைவு வந்து எடுக்கப் போனேன். அம்மா வேண்டாம் என்றாள். இருக்கட்டும், மறுபடி மோட்டார் கெட்டா அவந்தானே வருவான், அப்ப எடுத்துக்குவான் என்றாள். அம்மா, இது நம்ம வீடு இல்லை, இங்கே இனி யார் யாரோ வருவார்கள், கெட்டால் அவனை யாரும் கூப்பிடப் போவதில்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அம்மா போய்விட்டாள். தூக்கத்திலேயே போனாள், கஷ்டப்படவில்லை என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அண்ணனுக்கு நான்தான் சொன்னேன். அவன் பாஸ்போர்ட்டே எடுத்ததில்லை. எடுத்து, விசா வாங்கி, வந்து சேருகிறவரை அங்கே உடலை வைத்திருக்க மாட்டார்கள். கொள்ளி வைக்க வேண்டியவன் பிள்ளைச்சாவடியில் இருக்க, தகனத்துக்கு என் கணவர் ஒரு பட்டனை அழுத்தினார். அதற்கு முன்னால் அண்ணன் போனில், மூஞ்சியக் காட்டு என்றான். பெட்டிக்கு மேலே போனைப் பிடித்தேன். என் கை வலித்து மறு கைக்கு மாற்றிய பிறகும் அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். வருஷம் திரும்புவதற்குள் கடல் தாண்டிப் போன அம்மாவை மன்னிக்காதவனுக்கு நான் அப்போது எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அவன் பாவம் என்றுதான் தோன்றியது.

கொஞ்ச நாள் கழித்து அவனே எனக்குப் போன் செய்தான். அந்தத் திதிப் போனுக்குப் பிறகு அவனாகச் செய்தது அதுதான் முதல் தடவை. சாப்பிட்டியா, பாப்பா எப்படி இருக்குது என்று கேட்டான். அப்புறம், அம்மா அன்னிக்கி எதனா சொல்லிச்சா என்று கேட்டான். உன் கை வெடிச்சிக் கெடக்குன்னு சொல்லிச்சு என்றேன். எண்ணெயை அம்மா ஏன் விட்டுவிட்டு வந்தாள் என்பதையும் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவன் உடனே போனை வைத்துவிட்டான். மறுநாள் மறுபடியும் கூப்பிட்டான்.

கருவடிக்குப்பத்துக்குப் போயிருந்தானாம். அந்த வீட்டில் வேறு யாரோ வெளிநாட்டுக்காரர்கள் தங்கியிருந்தார்களாம். மோட்டாரைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிப் பின்பக்கம் போனானாம். மேடை துடைத்து வைத்ததுபோல இருந்ததாம். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டதற்கு, தங்கறவங்க விட்டுட்டுப் போற சாமான அன்னன்னிக்கே எடுத்துப் போட்டுடுவோம், அதெல்லாம் எப்பவோ போயிருக்கும் என்றாராம்.

“சரி, போனாப் போவுது” என்றேன்.

“நட்டு இருக்குது” என்றான். “நான் முடுக்குன மாதிரியே இருக்குது. அதுக்கப்பறம் யாரும் கழட்டல.”